கறுத்த விளக்கெண்ணெய்

நம் ஊரில் ஒருவனை மந்த புத்திக்காரன் என்று சொல்ல வேண்டுமானால், "அவன் ஒரு விளக்கெண்ணெய்!" என்று ஒரே வார்த்தையில் காரியத்தைத் தீர்த்து விடுகிறோம். பிடி கொடுக்காமல் வழவழவென்று பேசுகிறவனைப் பற்றி, விளக்கெண்ணெயில் வெண்டைக்காயை நறுக்கிப் போட்ட மாதிரி என்கிறோம். ஆமணக்கு முத்து ஆணிமுத்து ஆகுமா என்று பழமொழி வேறு இருக்கிறது. இப்படி நாம் வாயார ஏசி வருகிற சரக்கை, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் உள்ள ஒரு தீவின் மக்கள் தங்கள் பாட்டன் பாட்டி வைத்துப் போன சொத்தாக மதித்துப் போற்றுகிறார்கள் என்றால் வாசகர்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்து முடித்த பிறகு கேளுங்கள். இது சிரிப்புக் கதை அல்ல.

அந்தத் தீவின் பெயர் ஜமேக்கா. அங்கே காய்ச்சும் விளக்கெண்ணெய், நம் மளிகைக் கடையில் கிடைப்பதைப் போல வெளிர் மஞ்சளாக இராது. கருப்பட்டிப் பாகின் நிறத்தில், புகை வாசனையோடு இருக்கும். 'ஜமேக்காவின் கறுப்பு விளக்கெண்ணெய்' என்றே அதற்குப் பெயர். சுருள் சுருளாகச் சுருண்ட தலைமயிர் உடைய மக்கள் அதைத் தலைக்குத் தடவுகிறார்கள். வயிற்றுக்கும் கொடுக்கிறார்கள். மூட்டு வலிக்கும் தேய்க்கிறார்கள். இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் அழகு சாதனக் கடைகளில் அது சிறு சிறு புட்டிகளில் நல்ல விலைக்குப் போகிறது. புட்டியின் விலையைப் பற்றிப் பிறகு பேசலாம். அதற்குள்ளே இருக்கும் சரித்திரம்தான் என் கவனத்தை இழுத்தது.

செடியின் பூர்வீகத்திலிருந்து தொடங்குகிறேன். ஆமணக்கின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா என்பது தாவர சாஸ்திரிகளின் அபிப்பிராயம். எத்தியோப்பியாவின் பக்கம் பிறந்து நைல் நதியோடு இறங்கி எகிப்துக்கு வந்திருக்கிறது. கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்திய வைத்தியச் சுவடி ஒன்று உண்டு. 1873-ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் ஏபர்ஸ் கைக்கு வந்ததால் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். பெண்ணின் கூந்தல் வளர ஆமணக்கு விதையை அரைத்து, எண்ணெயோடு கூட்டித் தலையில் பூசும் முறை அதில் இருக்கிறது. மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கூந்தல் தைல வியாபாரம் தொடங்கி விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள்!

அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கச் சரித்திரக்காரர் ஹெரடோட்டஸ் எழுதி வைத்த ஒரு செய்தி. எகிப்தில் இந்த விதையிலிருந்து சிலர் நசுக்கிப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள், வேறு சிலர் வறுத்துப் பிறகு கொதிக்க வைத்து எடுக்கிறார்கள், விளக்குக்கு நன்றாக எரிகிறது, ஆனால் நாற்றம்தான் சகிக்கவில்லை என்று அந்த மனிதர் குறித்திருக்கிறார். 'வறுத்துக் கொதிக்க வைத்து' என்ற அந்த இரண்டாவது முறையை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். ஜமேக்காக்காரியும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறாள். நம் கிராமத்துப் பாட்டிமாரும் அப்படித்தான் செய்தார்கள். முத்தை இளவறுப்பாக வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை வழித்தெடுப்பதைச் செக்கு இல்லாத கிராமங்களில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-இல் உலகத்துச் செடி கொடிகளுக்கெல்லாம் லத்தீனில் பெயர் வைத்தபோது, ஆமணக்குக்கு வைத்த பெயர் 'ரிசினஸ்'. லத்தீனில் அதற்கு உண்ணி என்று பொருள். நாயின் காதில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருத்திருக்குமே, அதே உண்ணிதான். ஆமணக்கு முத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் உலகம் முழுவதும் வழங்குகிற 'காஸ்டர்' என்ற பெயர் லின்னேயஸ் தந்ததல்ல. அது மேற்கிந்தியத் தீவுகளில், அதுவும் ஜமேக்காவில், ஒரு குழப்பத்தினால் பிறந்தது என்று சொல்கிறார்கள். ஐரோப்பாவில் 'அக்னஸ் காஸ்டஸ்' என்று ஒரு செடி உண்டு. நம் நொச்சிக்கு நெருங்கிய உறவு. நொச்சி இலை விரல் விரலாகப் பிரிந்திருப்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆமணக்கு இலையும் கை விரித்தாற்போல் இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று நினைத்துத் தீவுக்கு வந்த வெள்ளையர் ஆமணக்கை அந்தப் பெயரால் அழைக்க, அது வியாபாரிகள் வாயில் தேய்ந்து 'காஸ்டர்' ஆயிற்றாம். பீவர் என்னும் நீர்ப் பிராணியிடமிருந்து எடுத்த 'காஸ்டோரியம்' என்ற மருந்துக்குப் பதிலாக வந்ததால் அந்தப் பெயர் என்பது வேறொரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்று நிச்சயம். எண்ணெயைக் காய்ச்சிய கைகள் கறுப்புக் கைகள். பெயர் வைத்த வாய் வேறு வாய்.

அந்தக் கைகள் அங்கே எப்படி வந்தன?

1509-இல் ஸ்பெயின் தேசத்தார் ஜமேக்காவில் குடியேறினார்கள். தீவின் ஆதிக்குடிகளான தைனோ மக்கள் வெகு சீக்கிரத்தில் அழிந்து போனார்கள். 1655-இல் இங்கிலாந்து அந்தத் தீவைப் பிடுங்கிக் கொண்டது. பிறகு கரும்பு வந்தது. கரும்புக்கு ஆள் வேண்டும். ஆளை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தார்கள். நான்கு நூற்றாண்டுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தொகை 1 கோடியே 25 லட்சம் என்று சரித்திர ஆசிரியர்கள் கப்பல் கணக்குகளைக் கொண்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். கரையேறியவர்கள் 1 கோடியே 7 லட்சம். வித்தியாசத்தைக் கடல் எடுத்துக் கொண்டது. ஜமேக்காவில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறக்கப்பட்டார்கள். 1834-இல் அடிமை முறை ஒழிந்தபோது தீவில் இருந்த அடிமைகள் சுமார் 3,11,000 பேர். மறுபடியும் வேறு குடியேற்றங்களுக்கு விற்கப்பட்டவர்களைக் கழித்து விட்டாலும், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது நெஞ்சு திக்கென்கிறது. பத்து லட்சம் பேரும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் எங்கே? கரும்புத் தோட்டத்தில் எருவாகிப் போனார்கள் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

இந்த மக்களில் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்காவின் பொற்கரையிலிருந்தும், இக்போ மக்கள் வாழும் பியாஃப்ரா வளைகுடாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் ஊரில் தலைமயிர் என்பது வெறும் மயிரல்ல. இன்ன குலம், இன்ன வயசு, கல்யாணமானவளா, துக்கம் காக்கிறவளா என்பதையெல்லாம் பின்னலைப் பார்த்தே சொல்லி விடலாம். யொரூபா, வொலோஃப், மெண்டே என்று ஒவ்வொரு ஜாதியாருக்கும் தனித்தனிப் பின்னல் முறைகள் இருந்தன. பின்னுகிறவள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பின்னுவாள். பின்னிக் கொள்கிறவள் அவள் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து கதை கேட்பாள். நம் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவதை நினைத்துக் கொண்டால் போதும், காட்சி புரிந்து விடும்.

பிடித்து வந்தவர்கள் முதலில் செய்த வேலை, பலருடைய தலையையும் மழித்ததுதான். பேன் பிடிக்கும், நோய் பரவும் என்று காரணம் சொன்னார்கள். காரணம் எதுவாக இருந்தால் என்ன? தலையிலே எழுதியிருந்த ஊரும் பேரும் குலமும் ஒரு சவரக் கத்தியில் போய்விட்டன. கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு எஜமான் ஒரு புதுப் பெயர் வைத்தான். மழித்த மயிர் மட்டும் மறுபடி முளைத்தது.

முளைத்ததைப் பராமரிக்க என்ன இருந்தது? ஆப்பிரிக்கக் கடைசல் சீப்பு இல்லை. பழகிய வெண்ணெயும் எண்ணெயும் இல்லை. அந்த மயிரின் இயல்பை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நமக்கெல்லாம் மயிரின் குறுக்கு வெட்டு ஏறக்குறைய வட்டமாக இருக்கும். அவர்களுக்கு அது தட்டையான முட்டை வடிவம். மயிர்க்காலே வளைந்திருப்பதால் மயிர் சுருண்டு சுருண்டு வெளிவருகிறது. தலைத்தோலில் இயற்கையாக ஊறும் எண்ணெய் நேர்மயிரில் சறுக்கிக் கொண்டு நுனிவரை போய்விடும். சுருள்மயிரில் முதல் இரண்டு வளைவிலேயே நின்றுவிடும். ஆகையால் நுனி வறண்டு போகிறது. ஒவ்வொரு வளைவும் ஒடிகிற இடமாகிறது. வெயிலில் பதினான்கு மணி நேரம் கரும்பு வெட்டுகிறவளின் தலைமயிர் என்ன கதியாகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு வேண்டியது, கெட்டியாக ஒட்டிக்கொண்டு ஈரத்தை வெளியே விடாமல் காக்கும் ஓர் எண்ணெய். விளக்கெண்ணெயைவிடக் கெட்டியான தாவர எண்ணெய் காண்பது அரிது. அதில் நூற்றுக்கு 90 பங்குக்கு அருகே ரிசினோலியிக் அமிலம் என்ற ஒரே பொருள்தான். கல்லூரியை இரண்டு வருஷம் எட்டிப் பார்த்து விட்டு வந்த என் இரசாயன ஞானத்துக்கு இதற்கு மேல் எட்டாது.

ஆமணக்கு அந்தத் தீவுகளுக்கு எப்படி வந்தது? ஜூடித் கார்னி என்ற அமெரிக்கப் பூகோளப் பேராசிரியை, தம் சக ஆசிரியரோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இதைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்கப் பயிர்கள் பலவும் அடிமைக் கப்பல்கள் வழியாகவே கடலைக் கடந்தன என்பதும், அவற்றைப் புது மண்ணில் ஊன்றி வளர்க்கத் தெரிந்தவர்கள் அடிமைகளே என்பதும் அவர் கட்சி. அவர் பட்டியலில் ஆமணக்கும் உண்டு. விதை எந்தக் கப்பலில், யார் முடிச்சில் வந்தது என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது. ஆனால் விதை வந்தால் மட்டும் போதாது. வறுக்கிற பக்குவம் வர வேண்டும், இடிக்கிற பக்குவம் வர வேண்டும். பக்குவம் பெட்டியில் வருவதில்லை. அனான்சி என்ற சூழ்ச்சிக்காரச் சிலந்தியின் கதைகள் பொற்கரையிலிருந்து ஜமேக்காவுக்கு வந்து சேர்ந்தன அல்லவா? கப்பல் தளத்தில் சங்கிலியோடு கிடந்தவளிடம் அதிகாரிகள் சோதனை போட்டுப் பறிக்க முடியாத சரக்கு அது. எண்ணெய்ப் பக்குவமும் அப்படியே வந்தது என்று நினைக்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் இப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை.

ஜமேக்காவின் தோட்ட முதலாளிகளிடம் ஒரு சிக்கனப் புத்தி இருந்தது. அடிமைகளுக்குச் சோறு போடுவதற்குப் பதிலாக, கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளைக் காட்டி, "நீங்களே பயிரிட்டுத் தின்னுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் எஜமானுக்கு. ஞாயிற்றுக்கிழமை தனக்கு. அந்த ஒரு நாளில் வள்ளிக்கிழங்கும் வாழையும் பயிரிட்டு, தின்றது போக மிஞ்சியதைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போனார்கள். கிங்ஸ்டன் நகரத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஆயிரக்கணக்கான அடிமைகள் கூடுகிற இடமாயிற்று. நம்ப முடியாமல் இருக்கலாம். தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லாதவளுக்கு ஒரு கூடைக் கிழங்கும் அதை விற்ற காசும் சொந்தமாக இருந்தன.

மலைக்கொல்லையின் வேலியோரத்திலும் குடிசையின் பின்புறத்திலும் ஆமணக்குத் தானாக முளைத்தது. அதற்குத் தண்ணீர் வேண்டாம், காவல் வேண்டாம். 'எண்ணெய்க் கொட்டை' என்பது அங்கே அதற்கு வழங்கும் பேர். விளக்குக்கும் அதுதான், மருந்துக்கும் அதுதான், தலைக்கும் அதுதான்.

தலைக்கான நாளும் ஞாயிறுதான். வாரம் முழுவதும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்த தலையை அன்று அவிழ்த்தார்கள். எண்ணெய் தடவிச் சிக்கெடுத்து, நூலால் சுற்றியோ, மண்டையோடு ஒட்டப் பின்னியோ விட்டார்கள். மண்டையோடு ஒட்ட வரிவரியாகப் பின்னும் அந்தப் பின்னலுக்கு அமெரிக்காவில் 'சோள வரிசை' என்று பெயர். மேற்கிந்தியத் தீவுகளிலோ 'கரும்பு வரிசை' என்று பெயர். கரும்புக் கொல்லையில் சாகிற வரைக்கும் உழைத்தவள், தன் மகளின் தலையில் வகிடு எடுத்து அதற்கும் கரும்பு வரிசை என்று பெயர் வைத்திருக்கிறாள். கசப்பா, கேலியா, வெறும் பழக்கமா? நான் எத்தனையோ கதைகளில் பாத்திரங்களுக்கும் ஊர்களுக்கும் பெயர் வைக்கத் திண்டாடியிருக்கிறேன். இப்படி ஒரு பெயர் எனக்கு வாய்த்ததில்லை.

எண்ணெய் காய்ச்சுகிற வேலையை இனி சற்று நிதானமாகப் பார்க்கலாம். முற்றிய குலைகளை வெயிலில் போட்டால் காய்கள் படபடவென்று வெடித்து முத்து சிதறும். பொறுக்கிப் புடைத்து எடுத்து, 'டச்சி' என்று அவர்கள் செல்லமாக அழைக்கும் கனத்த வார்ப்புப் பாத்திரத்தில் போட்டு, விறகடுப்பில் வறுப்பார்கள். நம் பாட்டி இளவறுப்போடு நிறுத்திக் கொள்வாள். ஜமேக்காக்காரி கறுக்கும் வரைக்கும் விடமாட்டாள். அங்கேதான் இரண்டு எண்ணெய்க்கும் நிறம் பிரிகிறது. வறுத்ததை மர உரலில் போட்டு உலக்கையால் இடித்தால் தார் போன்ற ஒரு விழுது கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து மணிக்கணக்காகக் கொதிக்க வைப்பார்கள். எண்ணெய் பிரிந்து மேலே வரும். அகப்பையால் வழித்து வேறு பாத்திரத்தில் சேர்த்து, மிச்சமிருக்கும் ஈரம் சுண்டிச் சடசடப்பு அடங்குகிற வரையில் மறுபடி காய்ச்சி இறக்குவார்கள். பாத்திரத்தின் முன் நின்றவளின் துணியும் தலையும் உடம்பும் அன்று முழுவதும் புகை நாறும். ஒரு நாள் உழைப்புக்கு எத்தனை புட்டி தேறும் என்பது முத்தையும் கையையும் பொறுத்தது.

இந்தக் கொதியலில் இன்னொரு காரியமும் நடக்கிறது. ஆமணக்கு முத்தில் 'ரிசின்' என்ற கொடிய விஷம் இருக்கிறது. 1978-இல் லண்டனில் கியோர்கி மார்க்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரை, குண்டூசித் தலையளவு உலோகக் குண்டில் இந்த விஷத்தை வைத்துக் காலில் செலுத்திக் கொன்றார்கள். (எழுத்தாளனைக் கொல்ல விமரிசனமே போதும் என்று நம் பக்கத்தில் நினைத்துக் கொண்டிருக்கிறோம்!) இந்த விஷம் எண்ணெயில் கரைவதில்லை. பிண்ணாக்கோடு தங்கி விடும். நன்றாகக் கொதித்தால் செத்தும் போகும். இரசாயனம் என்ற வார்த்தையையே கேள்விப்படாத கிழவிகள், கொதி குறையக் கூடாது என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இனி, பெயர் பெற்றவர்களின் கதை. பீட்டர் கான்வேன் என்ற வைத்தியர் செயிண்ட் கிட்ஸ் தீவில் பல வருஷம் தொழில் செய்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். பாத் நகரத்தில் இருந்துகொண்டு 1760-களில் இந்த எண்ணெயின் பேதி குணத்தைப் புகழ்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்து வைத்தியர்கள் கண் திறந்தது. 1788-இல் லண்டன் மருந்து நூலில் ஆமணக்கு இடம் பெற்றது. ஜமேக்காவிலிருந்து விதையும் எண்ணெயும் கப்பலேறின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் இந்திய எண்ணெய் போட்டிக்கு வந்து அந்த வியாபாரத்தைக் கைப்பற்றிக் கொண்டது. வைத்தியரின் பெயர் நூலில் இருக்கிறது. அவருக்கு முன்னால் அந்தத் தீவுகளில் வயிற்று வலிக்காரனுக்கு ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிக் கொடுத்த கிழவியின் பெயர் எங்கேயும் இல்லை. தோட்டத்துக் கணக்கில் அவள் பெயருக்கு நேரே விலை மட்டும் எழுதியிருக்கும். வயதாக ஆக அந்த விலையும் இறங்கிக்கொண்டே வரும்.

1831-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள்களில் ஜமேக்காவில் பெருங்கலகம் மூண்டது. சாமுவேல் ஷார்ப் என்ற அடிமைப் பிரசங்கி அதற்குத் தலைவர். கலகத்தை அடக்கிய பின் முந்நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். ஷார்ப்பை 1832 மே மாதம் 23-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். மறு வருஷமே பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை ஒழிப்புச் சட்டத்தைச் செய்தது. 1834 ஆகஸ்டு முதல் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற மோசடியும் முடிந்து, முழு விடுதலை 1838 ஆகஸ்டு முதல் தேதிதான் கிடைத்தது. நஷ்ட ஈடு 2 கோடிப் பவுன். யாருக்கு? எஜமானர்களுக்கு! அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் சர்க்கார் அடைத்துத் தீர்த்தது 2015-இல். விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு செப்புக் காசு தரவில்லை. அவர்கள் தோட்டங்களை விட்டு மலைப்பக்கம் போய் ஊர் கட்டிக் கொண்டார்கள். முற்றத்தில் ஆமணக்கும் கூடவே வந்தது.

அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப ஆள் தேவைப்பட்டபோது, முதலாளிகளின் கண் எங்கே திரும்பும்? 1845 மே 10-ஆம் தேதி, ஓல்டு ஹார்பர் துறையில் இந்தியக் கூலிகளைச் சுமந்த முதல் கப்பல் வந்து நின்றது. அடுத்த எழுபது வருஷத்தில் 36,000-க்கு மேற்பட்ட இந்தியர் அங்கே போனார்கள். பெரும்பாலோர் வடநாட்டார். சென்னையில் கப்பலேறியவர்கள் சிறு பகுதி. ஆமணக்கைப் பார்த்தவுடன் அவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கும். உலகத்தில் இரண்டு மூலைகளிலிருந்து வேரோடு பிடுங்கி எறியப்பட்டவர்கள் இருவருக்கும் தெரிந்த செடி அது. ஜமேக்காவின் பேச்சு மொழியில் இன்றும் 'கஞ்சா' என்ற சொல் நம் சொல்லாகவே வழங்குகிறது. விளக்கெண்ணெய்க்கு அப்படி ஒரு சொல்லை நம்மவர் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவை இல்லை. அங்கே அது ஏற்கனவே வீட்டுச் சாமானாக இருந்தது.

ஜமேக்காப் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்த விஷயத்தில் ஒரு பொதுத் துன்பம் உண்டு. கோடை விடுமுறை முடிந்து செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கிறதற்கு முன்னால், வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று அவர்களுடைய பாட்டிமார் பிடித்து உட்கார வைத்து விளக்கெண்ணெய் புகட்டி விடுவார்கள். மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றிய காலத்தை நினைத்து இதைப் படிக்கிறபோதே வயிற்றைத் தடவிக் கொள்கிற வாசகர்கள் இருப்பார்கள். பாட்டிமார் அன்புக்குச் செய்ததை 1920-களில் இத்தாலியின் பாஸிஸ்டுகள் கொடுமைக்குச் செய்தார்கள். எதிரிகளைப் பிடித்துக் கட்டிப்போட்டுப் படி படியாக இதைப் புகட்டினார்கள். முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் இயந்திரத்துக்கும் இதே எண்ணெய்தான். 'காஸ்ட்ரால்' என்ற மோட்டார் எண்ணெயின் பெயரே இதிலிருந்து வந்தது. இவையெல்லாம் கிளைக் கதைகள். போகட்டும்.

சுதந்திரம் வந்ததால் தலைமயிருக்கு விடுதலை வந்துவிடவில்லை. 'நல்ல மயிர்', 'கெட்ட மயிர்' என்று தீவுக்குள்ளேயே பேசினார்கள். நேராக இருந்தால் நல்லது, சுருண்டால் கெட்டது. இரும்புச் சீப்பை நெருப்பில் காய்ச்சி இழுத்தும், சோப்புக் காய்ச்சுகிற காரத்தைக் குழைத்துப் பூசியும் மயிரை நேராக்கினார்கள். தலைத்தோல் வெந்தாலும் பல்லைக் கடித்துக் கொண்டார்கள். வேலை கிடைக்க வேண்டுமே! இதை ஏற்க மறுத்து மயிரைச் சடையாக வளர விட்டவர்கள், 1930-களில் தோன்றிய ராஸ்தஃபாரிகள். ஜமேக்கா 1962 ஆகஸ்டு 6-ஆம் தேதி சுதந்திரம் அடைந்தது. ஒரு வருஷம் நிறையவில்லை. 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த ஒரு மோதலைச் சாக்கிட்டு, போலீஸார் நூற்றுக்கணக்கான ராஸ்தாக்களைப் பிடித்து அடித்துச் சிறையிலிட்டுச் சடையை வெட்டி எறிந்தார்கள். சுதேசிப் போலீஸ், சுதேசிக் கத்தரிக்கோல்! 2017-இல்தான் பிரதம மந்திரி ஆண்ட்ரூ ஹோல்னஸ் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருஷமே ஒரு பள்ளிக்கூடம், சடையோடு வந்த ஐந்து வயசுச் சிறுமியைச் சேர்க்க வேண்டுமானால் சடையை வெட்டி வர வேண்டும் என்றது. வழக்கு நீதிமன்றம் போயிற்று. 2020-இல் குடும்பம் தோற்றது. 2024-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தது. அமெரிக்காவில், இயற்கையான தலைமயிரைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா ராஜ்யம் முதன்முதலில் சட்டம் செய்தது 2019-இல். தலைமயிருக்குச் சட்டமா என்று நினைப்பவர்கள், முதலில் மழித்த சவரக் கத்தியை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, காரத்தையும் காய்ச்சிய சீப்பையும் கைவிட்டு இயற்கை மயிருக்குத் திரும்பும் ஓர் அலை கறுப்பினப் பெண்களிடையே எழுந்தது. அப்போதுதான் பாட்டி வீட்டுக் கறுப்பு எண்ணெய் கடைக்கு வந்தது. கடைக்கு வந்த பொருளுக்குக் கடையின் குணமும் வரும். வழுக்கையில் மயிர் முளைக்கும் என்றார்கள். ஒரு மாசத்தில் இத்தனை அங்குலம் என்றார்கள். வறுத்த சாம்பல் சேர்ந்ததால் காரத்தன்மை வந்து மயிரின் செதிலைத் திறக்கிறது என்று விஞ்ஞான பாஷையும் பேசினார்கள். காரம், புளிப்பு என்ற அளவெல்லாம் தண்ணீரில் கரைந்த பொருளுக்கு உண்டே தவிர எண்ணெய்க்கு ஏது? 2022-இல் மருத்துவர்கள் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, விளக்கெண்ணெய் மயிருக்குப் பளபளப்புத் தருகிறது என்பதற்குக் கொஞ்சம் சாட்சியம் உண்டு, மயிரை வளர்க்கிறது என்பதற்கு வலுவான சாட்சியம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். அந்த முடிவினால் என் மதிப்பு இம்மியும் குறையவில்லை. ஒடிகிற மயிரை ஒடியாமல் காத்தால் அது நீளத்தானே செய்யும்? பாட்டிகள் கேட்டதும் அவ்வளவுதான். இல்லாததை முளைக்க வைக்கச் சொல்லி அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

நீண்ட நேர்மயிர் உள்ள நம் பெண்மணிகள் ஆசைப்பட்டு இதை அப்பிக்கொள்ள வேண்டாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நம் நாட்டிலேயே ஒரு பெண், தேங்காயெண்ணெயோடு விளக்கெண்ணெயைக் கலந்து தாராளமாகத் தேய்த்துத் தலை முழுகப் போய், கூந்தல் முழுதும் குருவிக்கூடு போலப் பிரிக்க முடியாமல் இறுகி, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று என்று 2017-இல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். உச்சியில் ஒரு சொட்டு வைத்த நம் பாட்டியின் அளவு நமக்குச் சரி.

புட்டி விலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? உலகத்து ஆமணக்கு விளைச்சலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இப்போது இந்தியாவில்தான். அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். ஜமேக்காவின் கொல்லை வேலிகளில் காய்ப்பது உலகத் தேவைக்கு எந்த மூலைக்கு? ஆகையால் 'ஜமேக்கா' என்று அச்சிட்ட புட்டிகள் பலவற்றில் அந்தப் பெயர் குறிப்பது மண்ணை அல்ல, வறுக்கிற முறையை. குஜராத்து விவசாயியின் முத்து, எங்கோ ஓர் ஆலையில் வறுபட்டு, ஜமேக்காவின் பச்சையும் மஞ்சளும் கறுப்பும் கலந்த கொடி வர்ணத்தில் ஒரு சீட்டை ஒட்டிக்கொண்டு, நியூயார்க் கடைக்குப் போய்ச் சேரலாம். முத்து விளைத்தவனுக்குக் கிடைத்த விலை அந்தச் சீட்டு அச்சடித்த செலவுக்குச் சமானமாக இருக்குமோ, என்னவோ!

பக்கத்து நாடான ஹெயிட்டியிலும் இதே கறுப்பு எண்ணெயைக் காய்ச்சுகிறார்கள். அங்கே அதன் பெயர் 'மஸ்க்ரீத்தி'. ஐரோப்பியர் ஆமணக்கு இலையைப் பார்த்துக் 'கிறிஸ்துவின் உள்ளங்கை' என்ற பொருளில் லத்தீனில் 'பால்மா கிறிஸ்தி' என்றார்கள். அதுதான் கிரெயோல் நாக்கில் புரண்டு இப்படி ஆயிற்றாம். ஜமேக்காவின் கிராமத்துப் பெண்கள் காய்ச்சியதைப் பழைய ரம் புட்டிகளில் ஊற்றித் துணியோ தக்கையோ அடைத்துச் சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். அந்தப் புட்டிகளில் சீட்டு எதுவும் ஒட்டியிருப்பதில்லை. வாங்க வருகிறவள் தக்கையைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். புகை வாசனை சரியாக இருந்தால் வாங்கிக் கொண்டு போகிறாள்.